சின்னச் சுறா எல்லாம் பால் சுறாவா?

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள், பால் சுறாக் கருவாடு வாங்கி வரச் சொல்லி அம்மா என்னை இலங்கை மலையகத்துத் தேயிலை நகரமான ஹட்டனுக்கு அனுப்பினார். சாப்பிட்டால் பால் ஊறும் என்பது எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாட்டி காலத்து நம்பிக்கை. கடை முதலாளி உப்பேறிய துண்டுகளைக் காட்டி, "இதுதான் தம்பி" என்றார். தலையும் இல்லை, செட்டையும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சின்னச் சுறா எல்லாம் பால் சுறாதான்" என்றார்.

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. அசல் பால் சுறா வளர்ந்து முடிந்தாலும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். சூரை மீனுக்குப் போட்ட தூண்டிலில் கூடவே மாட்டும் பட்டுச் சுறாவோ இரண்டு மீட்டரைத் தாண்டும் சாதி. அதன் குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய முக்கால் மீட்டர். இரண்டையும் வெட்டி உப்பிட்டுக் காயவைத்தால் எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? பால் சுறா என்ற பெயரில் நாம் தின்பது, ஒரு குட்டிகூட ஈனாத இளசாக இருக்கலாம்.

சூரை இலட்சக்கணக்கில் முட்டையிடும். பட்டுச் சுறா ஒரு வருடம் சுமந்து ஒரு கைப்பிடிக் குட்டிகள்தான் போடும். சாட்டை வால் சுறாவுக்கு, சிங்களத்தில் கச மோரா என்பார்களே, அதற்குப் பெரும்பாலும் இரண்டே குட்டி. இலங்கையில் அதைப் பிடிப்பது 2012 முதல் தடை. 1970க்கும் 2018க்கும் இடையில் கரையை விட்டுத் திறந்த கடலில் வாழும் உலகின் சுறா, திருக்கைகள் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இதைச் சொன்னதும், "சுறா தின்னாதே" என்று படம் போடும் நண்பர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நூறு கிராம் கருவாட்டை இரண்டு வேளைக்கு நீட்டும் வீட்டில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. விலை உயர்ந்த செட்டை கப்பலேறிப் போகிறது. மலிந்த சதைதான் மலையேறி வருகிறது. குற்றத்தை மட்டும் எங்கள் சட்டியில் ஏன் கொட்டுகிறீர்கள்?

சுறா பிடிக்கவே கூடாது என்பது என் கட்சியல்ல. துறைமுகத்தில் இறங்கும்போதே இன்ன சாதி என்று எழுதி, அந்தப் பெயர் கருவாட்டு மூட்டையோடு ஹட்டன் வரை வரட்டும். தூண்டில் முனையில் இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கட்டினால், மாட்டிய சுறா கடித்து அறுத்துக்கொண்டு தப்பும். சூரைக்கு அந்தப் பல் கிடையாது. சில தூண்டில்கள் சுறாவோடு போகும், அந்த நட்டம் மீனவருக்குத்தான். அதை ஈடுகட்டாமல் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து கேட்டால் எங்கள் பெண்கள் சிரிப்பார்கள். கடலுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு இல்லை?

அன்று சுறாவை விட்டுவிட்டு நெத்தலி வாங்கி வந்தேன். அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தார். அக்காவுக்குப் பால் குறையவில்லை. குறைந்திருந்தால் இந்தப் பதிவை எழுத என்னை விட்டுவைத்திருக்க மாட்டார்.