வசூல் வேறு, கைக்கு வருவது வேறு

ஹாலிவுட் தொடர்ச்சிப் படங்களைப் பற்றிய கட்டுரையில், 20 கோடி டாலர் போட்டு 40 கோடி வசூலித்தால் தயாரிப்பாளருக்கு இரட்டிப்பு லாபம் என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படி இல்லை ஐயா. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கே போய்விடும். சீனாவில் ஹாலிவுட் ஸ்டூடியோ கைக்குக் கிடைப்பது கால் பங்குதான். விளம்பரச் செலவோ படத்தின் பட்ஜெட்டில் சேராத தனிக் கணக்கு. பெரிய படங்களுக்கு அதுவே 10 கோடி டாலரைத் தாண்டும்.

ஹாலிவுட்டின் ஜோக்கர் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் முதல் பாகம் 7 கோடி டாலருக்குள் முடிந்தது, வசூல் 100 கோடிக்கு மேல். 2024-இல் இரண்டாம் பாகத்துக்குச் செலவு மட்டும் ஏறக்குறைய 20 கோடி. உலகம் முழுக்க வந்த வசூலும் அதைச் சற்றுத்தான் தாண்டியது. செலவு ஏறக்குறைய மூன்று மடங்கானது, கூட்டம் ஏறவில்லை. டாப் கன் படத்தின் இரண்டாம் பாகம் 149 கோடி டாலர் அள்ளியதே என்பீர்கள். சரி, ஆனால் அது 36 வருடம் கழித்து வந்த படம், ஜனங்களுக்கு ஏக்கம் இருந்தது.

இங்கே கோலாலம்பூர் மிட் வேலி மாலில் வார இறுதியில் பாருங்கள். நான்கு பேர் குடும்பம் பாப்கார்ன், தண்ணியோடு உள்ளே போனால் நூறு வெள்ளி (ரிங்கிட்) பறந்துவிடும். (பாப்கார்ன் காசு முழுக்க தியேட்டருக்குத்தான், ஸ்டூடியோவுக்கு ஒரு சென் போகாது.) அதனால் பலர் சுமாரான தொடர்ச்சிப் படத்தை, ஓடிடியில் வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓடிடி உரிமை, பொம்மை வியாபாரம் எல்லாம் சேர்த்தால் சில படங்கள் கரையேறலாம். அந்தக் கணக்கை எந்த ஸ்டூடியோவும் முழுசாக வெளியே காட்டுவதில்லை.