பாட்ஸோரிக் வாஞ்சிக்கும் ‘ஆதிக்குரல்’ என்ற பட்டமும்

மங்கோலியப் பாடகர் பாட்ஸோரிக் வாஞ்சிக், வெட்டவெளியில் தனியே அமர்ந்து குதிரைத்தலை பொறித்த மோரின் ஹூர் என்னும் வில்லால் மீட்டும் நரம்புக் கருவியை இசைத்தபடி செங்கிஸ்கானின் புகழைப் பாடும் காணொளி பலருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் ஆதிமனிதனின் குரல் என்றோ, புல்வெளியே வாய் திறந்து பாடுகிறது என்றோ எழுதுகிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பாராட்டில் பாடகரின் உழைப்புக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

ஹூமி எனப்படும் இந்தத் தொண்டைப்பாட்டில் நடப்பதைக் கொஞ்சம் கவனித்தால் இது புரியும். பாடகர் தொண்டையை இறுக்கி ஒரே சுருதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நாவை மேலண்ணத்தை ஒட்டி மயிரிழை அளவு நகர்த்தியும் உதடுகளைக் குவித்தும், அந்தச் சுருதிக்குள்ளேயே இருக்கும் மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் சீழ்க்கை போல ஒலிக்கச் செய்கிறார். தம்புராவின் நாதத்தில் ஒன்றாகக் கலந்து கேட்கும் அதே மேற்சுரங்கள்தாம் இவை. அடிச்சுருதியையே முதலாவதாகக் கொண்டு எண்ணினால், மெட்டு பெரும்பாலும் 6, 8, 9, 10, 12ஆம் மேற்சுரங்களில் நடக்கிறது. ஐந்து சுர அமைப்புக்குள் அடங்காத 7ஐயும் 11ஐயும் பாடகர் தாண்டிச் செல்ல வேண்டும். ஹர்ஹிரா என்னும் அடிக்குரலுக்கோ, குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிர வேண்டும். பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் எந்தத் தொண்டைக்கும் இது வசப்படாது.

அந்தக் காணொளியில் பழமை என்று நாம் எண்ணுபவற்றிலும் பாதி, இருபதாம் நூற்றாண்டின் கைவேலை. மோரின் ஹூரின் முகப்பில் தோலுக்குப் பதிலாக மரப்பலகை நிலைபெற்றது 1960களில், சோவியத் கருவிக் கலைஞர் ஒருவர் செய்த மாற்றத்தால்தான். செங்கிஸ்கானை மேடையேறிப் புகழ்வதும் சோசலிச ஆட்சிக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. 1962இல் அவருடைய 800ஆவது பிறந்த ஆண்டு விழாவுக்கு ஆதரவாக நின்ற, ஆளுங்கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான தொமொர்-ஓச்சிர் பதவியையே இழந்தார். 1990இன் மக்களாட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் அந்தப் பெயர் மேடைகளில் தடையின்றி ஒலித்தது. ஆகவே இன்று நாம் கேட்பது பழம்பாட்டு மட்டுமன்று, மறுக்கப்பட்டிருந்த ஒன்றை உரக்கச் சொல்லும் தலைமுறையின் பாட்டும் ஆகும்.

பயன்ஹோங்கோர் மாகாணத்தைச் சேர்ந்த பாட்ஸோரிக், 2009இல் உருவான ஹுசுக்துன் இசைக்குழுவின் கலைஞர். இக்குழு 2011இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் பாடியது. 2015இல் ஆசியாஸ் காட் டேலண்ட் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. (முதலிடமே கிடைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.) பல குரல்களை அடுக்கி இவர்கள் அமைக்கும் ஒத்திசைவு, தனிக்குரலையே பெரிதும் நம்பியிருந்த மேய்ச்சல்நில மரபில் வழக்கமாகக் கேட்கக்கூடியதன்று, மேடைக்காகவே யோசித்துச் செய்தது. குழுவின் அடித்தளமாக ஒலிக்கும் இஹ் ஹூர்கூட, ஐரோப்பிய டபுள் பாஸுக்கு இணையாக மேடைக்கென்று உருவாக்கப்பட்ட கருவியே.

இவற்றைச் சொல்வதால் பாட்ஸோரிக்கின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. குரல்பயிற்சி, இசையமைப்பு, குழுவோடு இழைந்து பாடும் ஒழுங்கு ஆகிய அனைத்தையும் கற்றுத் தேர்ந்த ஒரு சமகாலக் கலைஞரை ஆதிமனிதன் என்று அழைப்பதுதான் அவரைக் குறைத்து மதிப்பிடுவது. தனிக்காணொளியோடு நின்றுவிடாமல் ஹுசுக்துனின் முழுக் கச்சேரி ஒன்றையும் நண்பர்கள் கேட்க வேண்டும். அவர் எத்தகைய இசைக்கலைஞர் என்பது, மற்றவர்களுக்கு இடம்விட்டு அவர் பாடும்போதுதான் நன்றாகத் தெரிகிறது.