ரூபவாகினிக்கு முன்னரும் ரீவி இருந்தது
அண்ணை, உங்கள் பதிவை வாசிக்க எங்கள் முற்றத்தில் இரும்புக் குழாயில் கட்டி நின்ற அன்ரனாதான் ஞாபகம் வந்தது. ஒருவர் மேலே நின்று திருப்ப, உள்ளேயிருந்து "இப்ப தெளிவோ?" என்று கத்துவோம்.

ஆனால் ஒரு விஷயம். ரூபவாகினிதான் இலங்கையின் முதல் தொலைக்காட்சி, 1982க்கு முன் நாட்டில் ரீவியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கீழே பலரும் அதையே எடுத்துப் பகிர்கிறார்கள். அது சரியில்லை. முதலில் வந்தது ஐ.ரி.என். (சுயாதீன தொலைக்காட்சி வலையமைப்பு) என்ற சனல், 1979 ஏப்ரல் 13 அன்று, அதாவது சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். ரூபவாகினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15, ஏறக்குறைய 3 வருடம் கழித்து.

உங்களுக்கு அப்படித் தோன்றியதில் பிழையில்லை. ஐ.ரி.என். ஆரம்பத்தில் கொழும்பையும் அதைச் சுற்றிய இடங்களையும் தாண்டித் தெரியவில்லை. நாடு முழுவதற்கும் என்று அமைக்கப்பட்டது ரூபவாகினிதான், அதனால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு அதுவே முதல் இலங்கைச் சனல்.

சந்தேகம் இருந்தால் இரண்டு நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் வரலாற்றுப் பக்கத்தைப் பாருங்கள், தொடங்கிய நாள் இருக்கும். அப்புறம் ரூபவாகினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தைத் தேடினால், அதன் இலக்கமே 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கம் என்று வரும். இயலுமென்றால் பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள் அண்ணை, மிச்சமெல்லாம் அப்படியே இருக்கட்டும்.