நினைவேக்கம் மட்டுமன்று

பழைய துப்பறியும் வானொலி நாடகங்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பலர் தேடிக் கேட்பதற்கு இளமைக்கால நினைவேக்கமே காரணம் என்று, அவற்றைப் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பேசில் ராத்போனும் நைஜல் புரூசும் 1939 முதல் 1946 வரை அமெரிக்க வானொலியில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸாகவும் அவருடைய நண்பர் வாட்சனாகவும் நடித்த காலத்தில் நான் பிறந்திருக்கவே இல்லை, ஆயினும் ஒவ்வொரு டிசம்பரிலும் அவர்களிடமே திரும்புகிறேன். அத்தொடரின் பிற்பகுதியில், அறிவிப்பாளர் மாலை வேளையில் வாட்சனின் வீட்டுக்கு வந்து கணப்பருகே அமர, முதியவரான வாட்சன் பழைய வழக்கொன்றை நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்குவார். விருந்துக்கு வந்த பெரியவர் ஒருவர் உண்ட களைப்பில் கதை சொல்வதைப் போன்ற இந்த அமைப்பு விடுமுறை மனநிலைக்கு இயல்பாகவே பொருந்துகிறது. (இடையிடையே வரும் ஒயின் விளம்பரத்தைக்கூட நான் தாண்டிச் செல்வதில்லை.) 1945 டிசம்பர் 24 அன்று ஒலிபரப்பான நாடகம் கிறிஸ்துமஸ் முன்னிரவையே களமாகக் கொண்டது.

பிபிசி ரேடியோ 4-இல் கிளைவ் மெரிசன் 1989 முதல் 1998 வரை ஆர்தர் கோனன் டாயில் எழுதிய அறுபது ஹோம்ஸ் கதைகளிலும் ஹோம்ஸாக நடித்ததைக் கட்டுரை குறிப்பிடாதது பெருங்குறை. அவற்றுள் வாத்தின் தொண்டைப்பையில் நீலக்கல் அகப்படும் கதையில், திருடன் கையில் சிக்கிய பின்னும் மன்னிப்புக்குரிய பருவம் இது என்று ஹோம்ஸ் அவனைப் போகவிடுகிறார். அக்கட்டத்தில் காட்சி ஏதுமின்றி, அழுகையும் கதவு திறக்கும் ஒலியும் மட்டுமே நம்மிடம் வருவதால், அந்த அறையை நாமே கட்டிக்கொள்கிறோம்.