லிசெஸ் 2000 வேறு, ஃபிடே 2000 வேறு

'இணையச் சதுரங்கத் தளமான லிசெஸில் 2000 தொட்டவர், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தரப்புள்ளியிலும் 2000 ஆட்டக்காரர்தான்' என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை ஐயா. தரப்புள்ளி என்பது அந்தந்தக் களத்தில் ஆடுபவர்களுக்குள் உங்கள் இடம் எது என்று காட்டும் எண், அவ்வளவே. லிசெஸ் கிளிக்கோ-2 முறையில் கணக்கிடுகிறது. புதியவர் 1500இல் தொடங்குகிறார். ஃபிடே பின்பற்றுவது எலோ முறை. 2024 மார்ச் முதல் அதன் பட்டியலில் 1400க்குக் கீழே புள்ளியே கிடையாது. ஆட்களும் வேறு, கணக்கும் வேறு. பொதுவாக லிசெஸ் எண் கூடுதலாகவே தெரியும்.

அதுவும் எந்த 2000? புல்லட் எனும் அதிவேக ஆட்டத்திலா, கிளாசிக்கல் எனும் நீண்ட நேர ஆட்டத்திலா? ஒரு நிமிட ஆட்டத்தில் கைவேகமும் புள்ளி சேர்க்கும்! ஃபிடே எண் வேண்டுமானால், தரப்புள்ளி உள்ளவர்களோடு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் நேரில் பலகை முன் உட்கார்ந்து குறைந்தது 5 ஆட்டங்களாவது ஆடியாக வேண்டும்.