பெரிய வெள்ளியில் மைக் யாருக்கு?

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து ஒரு கிழமை போகட்டும், கோபம் ஆறட்டும் என்று பொறுத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பெயரையும் பாதரின் பெயரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

விஷயம் சின்னது. எங்கள் கோவிலில் பெரிய வெள்ளி இரவு பசாம், அதாவது யேசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பல், படிப்பது என் அம்மாவும் அவரோடு ஐந்தாறு பெண்களும். ஒருவர் வியாகுலப் பிரசங்கம் என்ற பழைய புத்தகத்தை இழுத்து வாசிக்க, மற்றவர்கள் இடையிலே ஒப்பாரியை எடுப்பார்கள். பிறகு கோவில் முழுக்க அதை வாங்கிப் பாடும். சுருதி என்று ஒன்று இருக்காது. பின்வாங்கில் இருக்கும் கிழவர் ஒருவர் எப்போதும் அரை வரி பிந்தித்தான் முடிப்பார். சின்ன வயதில் அவருக்காகவே காத்திருந்து சிரிப்போம்.

இந்த முறை தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னமே கூட்டம் வைத்தார்கள். போன வருடம் யூரியூப்பில் லைவ் பார்த்த வெளிநாட்டு உறவுகள் ஒன்றும் விளங்கவில்லை, ஒரே இரைச்சல் என்று முறைப்பட்டார்களாம். அதனால் பாடகர் குழுவில் நன்றாகப் பாடும் நாலு பிள்ளைகள் மைக்கில் பாடுவது, கீபோர்ட் மெல்லிசாகப் பின்னால் போவது, சனம் அமைதியாக இருந்து தியானிப்பது என்று தீர்மானம். அம்மாவிடம் வந்து சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அன்ரி, நீங்கள் இவ்வளவு காலம் கஷ்டப்பட்டது காணும். இந்த முறை இருந்து கேளுங்கோ."

அம்மா "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முருங்கையிலை உருவத் தொடங்கினார். ஒரு கட்டு உருவி முடித்தும் கை நிற்கவில்லை, வெறும் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் தவக்காலம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இது விளங்கும். வெள்ளிக்கிழமைகளில் திருச்சபை விடச் சொல்வது இறைச்சியை, மீனை அல்ல. அம்மாவுக்கு அது காணாது. "கடற்கரையில இருந்துகொண்டு மீனைத் திண்டிட்டு ஒறுத்தல் எண்டு சொல்ல வெக்கமா இல்லையோ?" என்பார். ஆக, தவக்காலத்து வெள்ளிகளில் எங்கள் வீட்டில் மச்சமே கிடையாது. என் மகளுக்கு ஒன்பது வயது. கருவாட்டு வாசம் வரும் பக்கத்து வீட்டு மதிலோடு போய் நின்றுவிட்டு வருவாள். அதுவும் பாவமா என்று அம்மம்மாவிடம் கேட்பாள். பாடப்புத்தகத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இருக்கிறது. எழுதியவர் பங்குனிக் கடைசியில் எங்கள் தெருவில் வெறுங்காலோடு சிலுவைப்பாதை போகவில்லை என்று நினைக்கிறேன். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத நாட்கள், ஒரு இலை ஆடாது. அந்த வெக்கையில் பதினாலு நிலைகளுக்கும் முழங்காலில் நிற்பார் அம்மா, எழுபத்திரண்டு வயதில்.

அம்மா பசாமைப் பாடமாக்கியது புத்தகத்தைப் பார்த்து அல்ல, தன் அம்மாவின் வாயைப் பார்த்து. 1996ஆம் ஆண்டு பெரிய வெள்ளி ஏப்ரல் 5ஆம் திகதி வந்தது. அதற்கு முந்தைய ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. அப்படி நடந்து போய்த் தென்மராட்சியில் ஒரு மாந்தோப்புக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. கரண்ட் என்றால் என்னவென்று மறந்துபோன காலம். ஒரு ஜாம் போத்தல் விளக்கு, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குடும்பம். புத்தகம் குருநகர் வீட்டு அலுமாரியில். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். நடுவிலே ஓரிடத்தில் வரி வரவில்லை, நின்றுவிட்டார். இருட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் அந்த வரியை எடுத்தார், நாங்கள் கேட்டிராத ஒரு இழுவையில். இளவாலைப் பக்கத்துக்காரி என்று பிறகு தெரிந்தது. அன்றிரவு இரண்டு ஊர் மெட்டும் கலந்து போனது, யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. பாதர் எந்த முகாமில் நின்றாரோ தெரியாது, அன்று எங்களோடு இல்லை. பெரிய வெள்ளி நடந்தது.

இது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டார்கள். 1687இல் யோசவ்வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத் தெருக்களில் பிச்சை கேட்டுத் திரிந்தார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் சனத்தைக் கண்டுபிடித்தார். (2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அன்று அம்மா ரீவியின் முன் முழங்காலில் நின்றார்.) பூசையில்லாத அந்த இடைவெளியில் விசுவாசத்தை எது காத்தது? வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டுப் பெண்கள் மெல்லமாகச் சொன்ன செபமும் பாட்டும்தான் என்பது என் எண்ணம். வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியும் அதே தடைக்காலத்தவர்தான். கோவாவிலிருந்து 1705இல் வந்து, தமிழும் சிங்களமும் படித்து எழுதி, 1742இல் இந்த மண்ணிலேயே இறந்தவர். மைக் முன்னால் நாலு பேர் பாட மற்றவர்கள் கேட்டிருக்க அவர் எழுதியிருப்பார் என்று எனக்குப் படவில்லை.

கீபோர்ட் பற்றியும் ஒரு சொல். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடிந்ததும் மணி ஓய்ந்துவிடும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் அதே பாட்டை மறுபடி எடுக்கும்வரை மரக்கட்டைதான் தட்டுவோம். அந்த இரண்டு நாளும் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. இடையிசை வாசிக்க அல்ல. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றி எழுதிக் கொடுத்ததில், சனம் உணர்ந்து முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வருகிறது. அறுபது வருடத்துக்குப் பிறகு நாங்கள் சனத்தை அமைதியாக இருக்கச் சொல்கிறோம்.

சரி, அன்றிரவு என்ன நடந்தது? ஒரு குழப்பமும் நடக்கவில்லை. அந்த நாலு பிள்ளைகளும் அருமையாகப் பாடினார்கள், பொய் சொல்லக் கூடாது. ரியூசன் முடிந்து வியர்வையோடு வந்து ஆறு கிழமை பழகிய பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருத்தி பிறகு என்னிடம் வந்து "அன்ரி, நாங்கள் கேட்டு வாங்கேல்லை" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

ஆனால் கோவில் கேட்டது, பாடவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்வாங்கிலேயே போன் வெளிச்சம் தெரிந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே மணலுக்குப் போனார்கள். அரை வரி பிந்துகிற கிழவர் தொடக்கத்தில் இரண்டு தரம் வாயைத் திறந்தார். முன்னால் இருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பிறகு திறக்கவில்லை. அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. என் மகள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ரொறன்ரோவிலிருந்து அண்ணா வட்ஸ்அப்பில் எடுத்தார். முறைப்பட்ட வெளிநாட்டு உறவுகளில் அவரும் ஒருவர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நியாயமில்லை.

"இந்த முறை நல்ல கிளியர். ஒரு சொல்லும் தப்பேல்லை."

"முழுக்கப் பாத்தனீங்களோ?"

"பத்து நிமிஷம். பிறகு வேலைக்கு வெளிக்கிட்டிட்டன்." கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அம்மா ஏன் பாடேல்லை? சுகமில்லையோ?"

போன வருடம் அந்த இரைச்சலை அவர் இரண்டு மணித்தியாலம் பார்த்தாராம். அதற்குள்ளே அம்மாவின் குரல் எங்கே வருகிறது என்று தேடித் தேடி.

லைவை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அண்ணாவைப் போல ஆயிரம் பேர், எந்த நாட்டில் இருந்தாலும் பெரிய வெள்ளிக்கு ஊரில் நிற்க ஆசைப்படுகிறார்கள். கோவிலுக்குக் கூரை போட்டதும் அவர்கள் காசுதான், மறக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மைக்கில் ஒன்றைச் சனத்துக்கு நடுவே தொங்கவிடுங்கள். இரைச்சல் போகட்டும் வெளிநாட்டுக்கு. ஊரின் சத்தம் அதுதானே. பாடகர் குழுப் பிள்ளைகள் கிழவிகளோடு ஒரே பாயில் இருந்து பாடட்டும். பத்து வருடத்தில் அந்த மெட்டு அவர்கள் தொண்டையில் மட்டும்தான் இருக்கப் போகிறது, இப்போதே வாங்கிக்கொள்ள வேண்டாமா? ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகள் பத்துக் கட்டளையை ஒப்புவிக்கிற நேரத்தில் கால் மணித்தியாலம் இதற்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பாஸ்கா இரவு நன்றாகவே நடந்தது. புது நெருப்பு, மெழுகுதிரி, அல்லேலூயா, விடிய ஆட்டிறைச்சிக் கறியும் பிட்டும், எல்லோர் வீட்டிலும் நடக்கிறதுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம். பின்னேரம் பொழுது சாய்ந்ததும் மகள் அம்மம்மாவின் கட்டிலில் போய் ஏறுகிறாள். உயிர்ப்புக் காலத்தில் ஒப்பாரி பாடக் கூடாது என்று அம்மா முதல்நாள் விரட்டிவிட்டார். இரண்டாம் நாள் "மெல்லமாப் படி, ஆருக்கும் கேக்கக் கூடாது" என்றார். மூன்றாம் நாள் சத்தம் குசினிவரை வந்தது. அவள் மெட்டைப் பிழையாகத்தான் இழுக்கிறாள். அம்மா ஏசுகிறார். அவள் மறுபடியும் பிழையாக இழுக்கிறாள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குச்சபைக் கூட்டம். நான் போய்க் கதைக்கப் போகிறேன். அந்தக் கிழவரையும் கூட்டிக்கொண்டு போக யோசனை. அவர் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவார், ஒரு கதிரை பிடித்து வைக்க வேண்டும்.