அந்தச் சுரங்கம் தோற்கவில்லை

போன வாரம் ஒரு விருந்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் 48ஆவது பென்சில்வேனியாப் படையைப் பற்றி நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "பீட்டர்ஸ்பர்க்கில் சுரங்கம் தோண்டித் தோற்றுப்போனார்களே, அந்தப் பட்டாளம்தானே?" எல்லோரும் இலையை மூடிவிட்டு எழுந்துகொண்டிருந்த நேரம். பதில் சொல்ல முடியவில்லை. கை கழுவப் போனவன், வீடு வந்து சேரும் வரை அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா கோலார் தங்கவயலில் முட்டு மரம் வைக்கிற வேலை பார்த்தவர். உள்ளே இருட்டாக இருக்குமே, பயமாக இருக்காதா என்று சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "இருட்டு பழகிவிடும். காற்று இல்லாதது மட்டும் பழகாது" என்பார். மரம் முறிவதற்கு முன்னால் முனகும், அந்த முனகல் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பார். அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவனுக்கு 48ஆவது பென்சில்வேனியா தொண்டர் காலாட்படையின் கதை எங்கோ தூரதேசத்துச் சரித்திரமாகத் தெரியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில், பென்சில்வேனியாவின் ஸ்கூல்கில் மாவட்டத்திலிருந்து தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படைப்பிரிவு அது. நிலக்கரிச் சீமை. சேர்ந்தவர்களில் கணிசமானோர் பிழைப்புக்குக் கரி வெட்டியவர்கள். மூன்று ஆண்டுகளுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1864 தொடக்கத்தில் வீட்டுக்குத் திரும்புவதா, நீடிப்பதா என்ற கேள்வி வந்தபோது பெரும்பாலோர் மீண்டும் கையெழுத்திட்டார்கள். மூன்று ஆண்டுப் போரைக் கண்ணால் பார்த்த பிறகு போட்ட கையெழுத்து அது. முதல் கையெழுத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1864 ஜூன் நடுவில் வடக்கத்தியப் படை வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் முன்னால் வந்து நின்றது. பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டுக்கு உணவும் தளவாடமும் கொண்டுபோகும் ரயில் பாதைகள் அந்த ஊரில்தான் வந்து கூடின. நான்கு நாள் நேரடித் தாக்குதலில் நகரம் விழவில்லை. இரு தரப்பும் மண்ணுக்குள் இறங்கின. ஒன்பது மாதங்களுக்கு மேல் நீண்ட முற்றுகை அப்படித்தான் தொடங்கியது. 48ஆவது படையும் ஜூன் 17 விடியற்காலைத் தாக்குதலில் இருந்தது. அன்றைய செயலுக்காக அதன் வீரர்கள் இருவருக்குப் பின்னாளில் நாட்டின் உயரிய வீரப் பதக்கம் கிடைத்தது. அதற்குள் படையில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 400 பேர்.

அவர்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஏறக்குறைய 400 அடி தூரத்தில், எதிரியின் மண்கோட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினால் குண்டு பாயும். அதற்கு அடியில் சுரங்கம் ஓட்டினால் இந்தக் கோட்டையைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று சாதாரணச் சிப்பாய் ஒருவர் சொன்னது தளபதியின் காதில் விழுந்தது. அந்தத் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளெசன்ட்ஸ். போருக்கு முன்னால் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்த பொறியாளர். சிப்பாய் ஏதோ உளறுகிறான் என்று அவர் கடந்துபோகவில்லை. மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கி, ஜூன் 25 அன்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

இனிச் சொல்வதுதான் எனக்கு ஆறாத விஷயம். படையின் தலைமைப் பொறியாளர் மேஜர் டுவேன் இதை வெறும் பிதற்றல் என்று ஒதுக்கினார். இவ்வளவு நீளச் சுரங்கத்தைப் போர்க்களத்தில் யாரும் ஓட்டியதில்லை, ஆட்கள் மூச்சுமுட்டிச் சாவார்கள், இல்லையென்றால் மண் சரிந்து சாவார்கள் என்பது அவர் வாதம். சேனாதிபதி மீடும் அதே எண்ணத்தில் இருந்தார். அதனால் மண் அள்ளத் தள்ளுவண்டி கேட்டால் கிடைக்கவில்லை. முட்டுக் கொடுக்க மரம் கேட்டால் கிடைக்கவில்லை. தூரத்தை அளக்கக் கோணமானி கேட்டால் அதுவும் கிடைக்கவில்லை. தலைமையகத்தில் அந்தக் கருவி இருந்தும் கொடுக்கவில்லை என்று பிளெசன்ட்ஸ் பின்னால் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்பு சாட்சியம் சொன்னார். இவர்களுடைய படைத்தொகுதியின் தளபதி பர்ன்சைட் வாஷிங்டனிலிருந்து ஒரு பழைய கருவியை வரவழைத்துக் கொடுத்தார். எதிரியின் துப்பாக்கிக்காரர்கள் குறிவைத்துக் காத்திருக்கும் முன்வரிசையில் நின்றுதான் அதை வைத்து அளக்க வேண்டியிருந்தது.

இல்லாததற்கு அழுதுகொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. வறட்டு பிஸ்கட் வந்த மரப்பெட்டிகளுக்குக் கம்புகளைக் கைப்பிடியாக அடித்து மண் சுமந்தார்கள். ராணுவப் பிக்காசுகளைச் சுரங்கத்துக்கு ஏற்றபடி கொல்லரிடம் கொடுத்துத் திருத்திக்கொண்டார்கள். பழைய ரயில் பாலம் ஒன்றைப் பிரித்து மரம் எடுத்தார்கள். அது தீர்ந்ததும் கைவிடப்பட்ட மர அறுவை ஆலை ஒன்றைப் பிடித்துத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். புது மண்ணின் நிறத்தை எதிரி பார்த்துவிடக் கூடாது என்று அன்றாடம் புதர் வெட்டி அதன்மேல் மூடினார்கள்.

இருநூறு அடி போனதும் ஈர மண். முட்டு மரங்கள் தாங்காமல், கூரையும் தரையும் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு வந்துவிட்டன. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் தாத்தா சொன்ன அந்த முனகல் எனக்குக் கேட்கும். திரும்பவும் மரம் வைத்தார்கள். திரும்பவும் தோண்டினார்கள். பிறகு கல்லாய் இறுகும் களிமண் படலம் ஒன்று குறுக்கிட்டது. அதைத் தவிர்க்கச் சுரங்கத்தையே பதின்மூன்று அடிக்கு மேல் உயர்த்திக்கொண்டு போனார்கள்.

காற்றுக்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுரங்க வாயிலிலிருந்து உள்ளே கொஞ்ச தூரத்தில், தங்கள் வரிசைக்குப் பின்னால், மேல்நோக்கி ஒரு புகைபோக்கிக் குழி. அதன் அடியில் அணையாமல் எரியும் நெருப்பு. வாயில் பக்கம் காற்றுப் புகாத தடுப்பு. அந்தத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு தரையோரமாகத் தோண்டும் முனை வரை போகும் மரக்குழாய் ஒன்று. நெருப்பின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று குழி வழியே மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று மரக்குழாய்க்குள் இழுபட்டு, குனிந்து வெட்டிக்கொண்டிருப்பவனின் மூக்குக்கு நேரே போய்ச் சேரும். அவன் விட்ட மூச்சு நெருப்பை நோக்கித் திரும்பும். சுரங்கம் நீள நீள, குழாயையும் நீட்டினால் போதும். எந்திரம் எதுவும் கிடையாது. கரி வெட்டுகிறவனுக்கு அது அன்றாட அறிவு. படித்த பொறியாளருக்கோ அது நடக்கவே முடியாத காரியம்.

எதிரித் தரப்பில் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார் என்பது இன்னொரு வேதனை. பீரங்கிப் படையின் போர்ட்டர் அலெக்சாண்டர், எதிரே சுரங்கம் தோண்டுகிறார்கள் என்று ஊகித்துவிட்டார். அங்கே வந்திருந்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர் லாலி அதை நம்பவில்லை. டெல்லி முற்றுகையில் ஓட்டிய சுரங்கம்தான் உலகிலேயே நீளமானது, அதுவே 400 அடியைத் தாண்டவில்லை, அதற்கு மேல் காற்று போகாது என்றார். நமது 1857 அங்கே வந்து நிற்பதைப் பாருங்கள். எதிரே இருப்பவர்களில் பென்சில்வேனியாச் சுரங்கத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு தூரத்துக்கும் அவர்கள் காற்று கொண்டுபோவார்கள் என்று அலெக்சாண்டர் பதில் சொன்னார். சொந்தத் தலைமைப் பொறியாளர் கொடுக்காத மதிப்பை எதிரி அதிகாரி கொடுத்தார். எதிர்ச்சுரங்கமும் தோண்டிப் பார்த்தார்கள். இவர்களின் பாதை அவர்களுக்குச் சிக்கவில்லை.

ஜூலை 17 அன்று பிரதான பாதை 511 அடியில் கோட்டைக்கு அடியில் போய் நின்றது. இருபுறமும் கிளை வெட்டி, 320 சிறு பீப்பாய்களில் 8,000 பவுண்டு வெடிமருந்தைச் சுமந்து வைத்தார்கள். பர்ன்சைட் கேட்டது 12,000 பவுண்டுக்கும் மேல். திரியும் கேட்டபடி வரவில்லை. துண்டு துண்டாக வந்ததை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள்.

ஜூலை 30 அதிகாலை 4:44க்கு வெடித்தது. சுமார் 170 அடி நீளம், 30 அடி ஆழத்துக்குப் பூமி பிளந்தது. தூங்கிக்கொண்டிருந்த சிப்பாய்களில் ஏறக்குறைய 280 பேர், பெரும்பாலும் தென் கரோலினாக்காரர்கள், அந்த வெடிப்பிலேயே வீழ்ந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், நான் அதை மறக்கவில்லை. அடிமைமுறையைக் காப்பதற்காக எழுந்த ஓர் அரசின் கோட்டை அது என்பதையும் மறக்கவில்லை.

48ஆவது படையின் வேலை அங்கே முடிந்தது. எதிரியின் வரிசையில் அகலமான ஓட்டை திறந்துகிடந்தது. அதற்குள் புகுந்து நகரத்துக்கு மேலே உள்ள குன்றைப் பிடிக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். சுரங்கம் தோற்றது என்று சொல்கிறவர்கள் அடுத்து நடந்ததைப் படிக்க வேண்டும்.

அந்தப் பாய்ச்சலுக்குப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் தளபதி ஃபெரேரோவின் கீழிருந்த கறுப்பினச் சிப்பாய்கள். குழிக்குள் இறங்காமல் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. தாக்குதலுக்கு முந்தைய நாள் அந்த ஏற்பாடு ரத்தானது. அவர்களை முன்னால் அனுப்பித் தோற்றால், அவர்கள் உயிரை மதிக்காமல் பலி கொடுத்தோம் என்ற பழி வரும் என மீட் தயங்கினார், வடக்குப் படைகள் எல்லாவற்றுக்கும் தலைமைத் தளபதியான கிராண்ட் அதை ஏற்றார். அவர்களுக்குப் பதிலாக யார் போவது? பர்ன்சைட் சீட்டுக் குலுக்கிப் போட்டார். சீட்டு லெட்லி என்பவருக்கு விழுந்தது. அவருடைய ஆட்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அவர்கள் போர் செய்துகொண்டிருந்தபோது லெட்லி பின்னாலுள்ள பதுங்கு குழியில் ரம் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்கள் நேராகக் குழிக்குள் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். ஏற முடியவில்லை. எல்லாம் கைமீறிய பிறகு, கறுப்பினப் படையை அந்த நெரிசலுக்குள் அனுப்பினார்கள். எதிரித் தளபதி மஹோனின் எதிர்த்தாக்குதலில், சரணடைந்த கறுப்பினச் சிப்பாய்கள் பலர் கொல்லப்பட்டார்கள். வடக்குத் தரப்பின் இழப்பு மொத்தம் சுமார் 3,800 பேர், அதில் 1,300க்கும் மேற்பட்டோர் அந்த ஒரு கறுப்பினப் பிரிவில். அவர்களையே முன்னால் விட்டிருந்தால் வெற்றி கிடைத்திருக்கும் என்று நம்புவதாகக் கிராண்ட் பிறகு விசாரணையில் சொன்னார். அப்போது சொல்லி என்ன பயன்?

தோண்டத் தெரிந்தவனை நம்பவில்லை. ஓடப் பழகியவனை ஓட விடவில்லை. எனக்கு இரண்டும் ஒரே குற்றமாகத்தான் தெரிகின்றன. நண்பர்கள் மாற்றுக் கருத்துச் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறேன், ஆனால் என் எண்ணம் மாறும் என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3 அன்று மீட் ஓர் ஆணை வெளியிட்டு பிளெசன்ட்ஸையும் அவர் ஆட்களையும் பாராட்டினார். தள்ளுவண்டி தராதவர்களின் பாராட்டு. முற்றுகை இன்னும் எட்டு மாதம் இழுத்தது. பிளெசன்ட்ஸ் அந்த ஆண்டின் இறுதியில் படையிலிருந்து விலகினார். 1865 ஏப்ரல் 2, முற்றுகை உடைந்த அதே நாளில், மஹோன் கோட்டையைத் தாக்கும்போது 48ஆவது படையின் கர்னல் ஜார்ஜ் கோவன் உயிரிழந்தார். அவருடைய சகோதரர் ஃபிராங்க்ளின் கோவன்தான் பின்னாளில் ரயில்வே முதலாளியாக இருந்து, 1875இல் அதே நிலக்கரிச் சீமையின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்தவர். அந்த மோதலைத் தொடர்ந்து வந்த கொலை வழக்குகளில், 1877 ஜூன் 21 அன்று பாட்ஸ்வில்லில் ஆறு பேரும் மௌக் சங்கில் நான்கு பேரும் ஒரே நாளில் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். எல்லோரும் அந்தக் கரிச் சீமையின் ஆட்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நான் பீட்டர்ஸ்பர்க் போயிருந்தேன். சுரங்க வாயில் இருந்த இடத்திலிருந்து குழி வரை எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். 205 எட்டு. மேலே புல்தரையில் நிமிர்ந்து நடக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே உயரம் ஐந்தடிதான்.

அன்று அதிகாலை அது 3:30க்கே வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. திரி எரிந்துகொண்டே நெருங்குகிறதா, அணைந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான பேர் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், கிழக்கு வெளுக்க ஆரம்பிக்கிறது. நாலேகால் மணிக்கு, சுரங்க வேலையை முன்நின்று நடத்திய சார்ஜென்ட் ஹாரி ரீஸும் லெப்டினன்ட் ஜேக்கப் டவுட்டியும் அந்த வாயிலுக்குள் குனிந்து நுழைந்தார்கள். துண்டுத் திரியை முடிச்சுப் போட்ட இடத்தில் நெருப்பு அணைந்துகிடந்தது. அந்த இருட்டில், 8,000 பவுண்டு மருந்து எதிரே இருக்க, முடிச்சைப் புதிதாகப் போட்டார்கள். பற்றவைத்தார்கள். அது பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகே வெளியே ஓடினார்கள்.